பழைய வில்லையின் மெய்யும் பொய்யும்

பழம்பொருளைப் போற்றும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடத்தும் உண்டு. நம் நாட்டில் செப்பேடும் ஓலைச்சுவடியும் பழங்காசும் தேடித் திரட்டுவோர் இருத்தல் போல, அமெரிக்க நாட்டில் காவலர் வில்லைகளைத் தேடித் திரட்டுவோர் பலர் உளர். வில்லையாவது, ஒருவன் அரசின் ஏவல் பெற்றவன் என்பதைப் பிறர்க்கு அறிவிக்க மார்பில் அணியும் உலோகத் தகடு. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் டவாலி தரித்த ஊழியரின் மார்பில் ஒளிரும் பித்தளை வில்லையைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவின் பழைய வில்லைகளுள் சிறந்தன பெருவிலை பெறுகின்றன. விலை எங்கு உண்டோ, அங்குப் போலியும் உண்டு. ஆகவே ஒரு பழைய வில்லை கையில் வந்தால், அஃது அக்காலத்தே ஒரு காவலன் மார்பில் இருந்ததுதானா, அன்றிப் பிற்காலத்தில் யாரோ பட்டறையில் செய்ததா என்னும் வினா உடன் எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை காணும் முறையைப் பற்றி யான் கொண்ட கருத்தினை ஈண்டுக் கூறுவேன். அதற்கு டெக்சாஸ் மாநிலத்து ரேஞ்சர் படையின் விண்மீன் வில்லையை எடுத்துக்கொள்வோம். அதனினும் மிகுதியாகப் போலி செய்யப்பட்ட காவல் அடையாளங்கள் மிகச் சிலவே.

ரேஞ்சர் என்பார் சுற்றித் திரிந்து எல்லை காத்தவர். ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் 1823ஆம் ஆண்டில் தம் குடியேற்றத்தைக் காக்கப் பத்து வீரரை அமர்த்த எண்ணியதே அப்படையின் தோற்றம் என்பர். 1835இல் அது முறைப்படி அமைந்தது. 1874இல் எல்லைப்புறப் படையாக விரிந்தது. 1901இல் திருத்தி அமைக்கப்பட்டது. 1935இல் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் ஓர் உறுப்பாயிற்று. இவ்வாண்டுகளை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். வில்லையை ஆராய்வார்க்கு ஆண்டுக் கணக்கே முதற் கருவி.

இனி, வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாஸ் அரசு தன் ரேஞ்சர்களுக்கு வில்லை கொடுக்கவேயில்லை. அவர்தம் அதிகாரத்திற்குச் சான்றாக இருந்தது சட்டைப்பையில் மடித்து வைத்த ஆணைத்தாள் ஒன்றே. அந்நூற்றாண்டின் இறுதியில் சிலர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, நகைத் தொழிலாளரைக் கொண்டு, மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசை அறுத்து விண்மீன் வடிவில் வில்லை செய்து அணிந்தனர். அரசே வில்லை வழங்கத் தொடங்கியது 1935ஆம் ஆண்டிற்குப் பின்னர்த்தான். இன்று ரேஞ்சர்கள் அணியும் வடிவம் 1962இல் ஏற்கப்பட்டது. அப்போது பணியில் இருந்த 62 பேருக்கும் வில்லை செய்வதற்கு வேண்டிய ஐந்து பேசோ வெள்ளிக் காசுகளை ஒரு ரேஞ்சரும் அவர்தம் அன்னையாரும் கொடையாக அளித்தனர்.

அணிந்தவர் மிகச் சிலராயின், விற்கப்படும் வில்லைகள் இத்துணைப் பலவாதல் எங்ஙனம்? விடை எளிது. 1933இல் வானொலியிலும், 1949 முதல் 1957 வரை தொலைக்காட்சியிலும் 'லோன் ரேஞ்சர்' என்னும் தொடர் அந்நாட்டு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. திரைப்படங்களும் அவ்வாறே. கதையில் வரும் வீரர்க்கெல்லாம் மார்பில் விண்மீன் மின்னியது. கண்டவர் அவ்விண்மீனை விரும்பினர். விரும்பியவர்க்குச் செய்து கொடுப்போர் தோன்றினர். விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்டது நாளடைவில் மங்கிப் பழமை நிறம் பெற்றது. பாட்டனார் பெட்டியில் கிடந்ததால் பாட்டனாரே ரேஞ்சர் ஆனார்! இவ்வாறு பொய்யென்று அறியாமலே பொய்யை விற்போரும் உளர். எல்லாரையும் வஞ்சகர் என்றல் நேர்மையன்று.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிந்த இரண்டு பழைய வழக்குகள் நம் இலக்கியத்தில் உள்ளன. ஒன்று சிலம்பு வழக்கு. மற்றொன்று ஓலை வழக்கு. சிலம்பு வழக்கில் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான், பொருளைச் சோதித்திலன். இரண்டு சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தன. உள்ளிடு பரலோ, அரசியின் சிலம்பில் முத்து; கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்தபின் வாதம் வேண்டியதில்லை. உள்ளே இருந்த பொருளே தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அத்தீர்ப்பு வருமுன் கோவலன் மாண்டான். உடைத்துப் பார்த்தற்குரிய பொருளை உரிய காலத்தே உடைத்துப் பாராமையால் விளைந்த கேடு அது.

வில்லையை ஆராய்வோர் முதலில் மேற்கொள்ளத் தக்கது இச்சிலம்பு வழக்கின் நெறியே. அதாவது, பொருள் எதனால் ஆயது என்று காண்டல். நிறுத்துப் பார்த்து, நீரில் அமிழ்த்திப் பார்த்தால் அடர்த்தி தெரியும். தூய வெள்ளி நீரினும் ஏறத்தாழப் பத்தரை மடங்கு கனமுடையது. காசு வெள்ளியில் சிறிது செம்பு கலந்திருத்தலின் அதனிற் சற்றே குறையும். ஜெர்மன் வெள்ளி எனப்படுவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை. பெயரில் அன்றி அதில் வெள்ளி இல்லை. அஃது எட்டரை மடங்கினும் சிறிதே மிகும். துத்தநாகத்தை உருக்கி வார்த்த மலிவான போலியோ ஏழு மடங்களவே இருக்கும். இந்நாளில் எக்ஸ்கதிர்க் கருவியால் வில்லையைச் சுரண்டாமலே அதன் உலோகங்களை அளவிட்டு அறியலாம். பழைய மெக்சிகோ பேசோக் காசில் ஆயிரத்திற்கு 903 பங்கு வெள்ளி. 1947இலும் 1948இலும் அடித்த ஐந்து பேசோக் காசில் 900 பங்கு. வில்லையிலோ 925 பங்கு வெள்ளி இருந்து, விற்பவர் இது பழைய காசிலிருந்து அறுத்தது என்பாராயின், அவர் சொல்லும் அவர் பொருளும் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன.

காசிலிருந்து அறுத்த வில்லைக்கு இன்னோர் இயல்பு உண்டு. முன்புறத்தை மழித்து எழுத்துப் பொறிப்பர். பின்புறத்தில் காசின் பழைய முத்திரை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். திருப்பிப் பார்த்தால் மெக்சிகோவின் கழுகு துண்டுபட்டுத் தோன்றும். அக்கழுகினை அறிந்தவர் அது எந்தக் காசின் கழுகு என்பதையும் அறிவர். ஐந்து பேசோ வெள்ளிக் காசு 40 மில்லிமீட்டர் குறுக்களவும் 30 கிராம் எடையும் உடையது. மெக்சிகோ அரசு அதனை வெளியிடத் தொடங்கியது 1947இல். ஆகவே அக்காசில் அறுத்த வில்லை ஒன்றை 1880ஆம் ஆண்டில் என் முன்னோர் அணிந்தார் என்று ஒருவர் கூறுவாராயின், அவர் பிறவாத காசினை அறுத்தவர் வழியில் வந்தவர் ஆவார்.

தொழில் நுட்பத்தையும் காண்டல் வேண்டும். கையரத்தால் அறுத்த விளிம்பில் அரத்தின் வரிகள் நெருங்கிக் கிடக்கும். ஐந்து முனைகளும் ஒன்றுபோல் மற்றொன்று இரா. வார்ப்பில் செய்ததன் விளிம்பு மழுங்கியும், பரப்பு நுண்துளை பட்டும் இருக்கும். மெய்யான வில்லை ஒன்றை அச்சாக வைத்து வார்த்தெடுத்த போலி, மூலத்தினும் சிறிது சிறுத்தே அமையும். உருகிய உலோகம் குளிருங்கால் சுருங்குதலே காரணம். நகல் மூலத்தைப் போல இருக்க முயன்றும் உலோகத்தின் இயல்பு அதனைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றது. பின்னூசியும் பேசும். பழைய ஊசிகள் வெறும் வளைந்த கொக்கியில் மாட்டுவன. சுழற்றிப் பூட்டும் சிறு பூட்டு இருபதாம் நூற்றாண்டில் பரவியது. வண்ணத்துப்பூச்சி போன்ற இரு சிறகுடைய கவ்வி அதனினும் பிந்தியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பரவியது. எனினும் பழைய வில்லையில் ஊசி ஒடிந்து புதிய ஊசி பற்றவைத்தல் உண்டாதலின், ஊசி ஒன்றையே கொண்டு வில்லையைப் பழித்தல் அவசரத் தீர்ப்பாகும். ஊசி புதியதாயின் பற்றவைத்த இடத்தில் பழைய ஊசியின் வடு உளதா என்று தேடுக.

எழுத்தைப் படித்தல் எனக்கு மிகவும் உவப்பானது. வாழ்நாள் முழுதும் எழுத்தோடு பழகியவன் ஆதலின் போலும்! பாட்டின் நடுவே ஒரு பிற்காலச் சொல் வந்து விழுந்தால், அப்பாட்டு இடைச்செருகல் என்று ஐயுறுவது நம் புலவர் வழக்கம். வில்லைக்கும் அவ்வழக்குப் பொருந்தும். 'அமெரிக்க மார்ஷல் பணித்துறை' என்னும் பெயர் பொறித்த வில்லையை 1880களின் வில்லை என விற்பாரைக் காண்கிறோம். மார்ஷல் என்னும் பதவி 1789இலிருந்தே உண்டு. ஆனால் அப்பணித்துறை அப்பெயரோடு அமைந்தது 1969இல். ஓக்லஹோமா மாநிலம் 1907இல் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டைக் கூறி அம்மாநிலப் பெயர் பொறித்த வில்லையைக் காட்டினால் நகைத்து விலகுக. பின்புறத்தில் செய்தவரின் முகவரியோடு ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால், அவ்வெண் முறை 1963இல் வந்தது என்பதை நினைக. பொய் செய்வோர் முன்புறத்தில் காட்டும் கருத்தைப் பின்புறத்தில் காட்டுவதில்லை. ஆதலின் எப்போதும் பின்புறத்தை முதலிற் பார்த்தல் நலம்.

நிறத்தை நம்புதல் கூடாது. வெள்ளி கறுத்தல் காற்றிலுள்ள கந்தகத்தால் நேர்வது; நூறு ஆண்டில் நேர்வதை ஒரு நாழிகையில் நேர்விக்க வேகவைத்த முட்டையே போதும். மண்ணில் புதைப்பதும் உப்பு நீரில் ஊறவைப்பதும் போலித் தொழிலின் பாலபாடம். ஆனால் தேய்மானத்தைப் பொய்யாக்குதல் கடினம். பல்லாண்டு சட்டையில் உராய்ந்த வில்லையில் மேடான இடங்கள் மழுங்கி ஒளிரும். எழுத்தின் பள்ளங்களில் அழுக்கு இறுகும். சட்டையோடு ஒட்டிய பின்புறத்தில் ஊசியைச் சூழ்ந்த தேய்வு காணப்படும். எங்கும் ஒரே அளவாகக் கறுத்து, எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்த பொருள் அணியப்பட்டதன்று, தேய்க்கப்பட்டது.

இத்துணைச் சோதனையும் செய்து, ஒன்றிலும் குற்றம் காணாவிடின் வில்லை மெய்யானதென்று கூறலாமோ? கூறலாகாது என்பதே என் துணிபு. இவ்விடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகின்றனர். கருவி கொண்டு சோதித்தோம், வெள்ளி பழைய வெள்ளியே, ஆதலின் வில்லையும் பழைய வில்லையே என்கின்றனர். பழைய பேசோக் காசுகள் இன்றும் கடையில் வாங்கக் கிடைக்கின்றன. அக்காசை இன்று வாங்கி, இன்று அறுத்து, இன்று பொறித்தால் உலோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. காசின் கழுகும் மெய்க் கழுகே. வில்லை மட்டும் பொய். சிலம்பில் உள்ளிடு பொருள் தீர்ப்புச் சொல்லியது. ஈண்டு உள்ளிடு பொருளும் பொய்ச் சான்று கூறும். எனவே சோதனைக் கருவி பொய்யென்று விலக்க வல்லதேயன்றி, மெய்யென்று நிறுவ வல்லதன்று. ஒரு குற்றம் கண்டால் விலக்கலாம். நூறு குற்றம் காணாமையால் ஏற்றல் இயலாது.

இங்குத்தான் ஓலை வழக்கின் நெறி உதவுகின்றது. சுந்தரர் திருமணத்தில் முதியவர் ஒருவர் வந்து, இவர் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டியதையும், சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்ததையும் நீவிர் பெரிய புராண வரலாற்றில் அறிவீர். கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உளது என்றார் முதியவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஏறியது. அவையோர் செய்ததைக் கூர்ந்து நோக்குக. ஓலை பழுத்திருக்கின்றது, ஆகவே பழமையுடையது என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. கரணத்தானைக் கொண்டு படித்தனர். சாட்சி ஒப்பமிட்டோரின் கையெழுத்தை நோக்கினர். சுந்தரர்தம் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் வைத்து ஒப்பிட்டனர். ஐயுற்ற பொருளை, ஐயமற்ற பொருளோடு ஒப்பிட்டு நோக்குதல் என்பது இது. அவ்வோலை வழக்காடியவர் கையிலிருந்து வரவில்லை. காப்பிலிருந்து வந்தது என்பதையும் குறித்துக்கொள்க.

டெக்சாஸ் வில்லைக்கும் அத்தகைய காப்பு உண்டு. ஆஸ்டின் நகரிலுள்ள மாநில நூலக ஆவணக் களரியில் ரேஞ்சர்களின் பணிப் பதிவுகளும் படைப் பெயர்ப் பட்டியல்களும் உள்ளன. வில்லையோடு ஒரு பெயர் வருமாயின் அப்பெயர் பட்டியலில் உளதா, எவ்வாண்டில் பணி செய்தார், எப்படைப் பிரிவில் இருந்தார் என்று காணலாம். அக்காலத்துப் புகைப்படத்தில் அவர் மார்பில் அதே வில்லை தோன்றுமாயின் பெருஞ்சான்று கிடைத்தது. வேக்கோ நகரத்து ரேஞ்சர் அருங்காட்சியகத்தில் வரலாறு தெரிந்த வில்லைகள் உள்ளன, அவற்றோடு ஒப்பிடலாம். பொருள் இறந்தவரிடமிருந்து யாரிடம் சென்றது, அவரிடமிருந்து யாரிடம் வந்தது என்னும் கைமாற்று வரலாறு இடையறாது கிடைக்குமாயின் இன்னும் நன்று.

விற்போர் பெரும்பாலும் காட்டுவது இவற்றுள் ஒன்றையும் அன்று. சான்றொப்பம் இட்ட உறுதிமொழித் தாள் ஒன்றைக் காட்டுவர். அத்தாள் மெய்யானதே. ஆனால் அது மெய்ப்பிப்பது யாது? இன்னார் இந்நாளில் இவ்வாறு கூறினார் என்பதை மட்டுமே. கூறியது மெய் என்பதற்கு அத்தாள் பிணை நில்லாது. முத்திரையைக் கண்டவுடன் வாய் மூடுதல் நம் நாட்டிலும் உள்ள பழக்கமாதலின் இதனை விரித்துரைத்தேன்.

"ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிச் சுவரில் மாட்டி மகிழ்கின்றார், பொய்யாயினும் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பாரும் உளர். பணம் இழந்தவன் நட்டம் அவனோடு போகட்டும். வேறொரு நட்டம் உண்டு. ஒவ்வொரு பொய் விண்மீனும் நடவாத ஒரு வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றது. அக்காலத்து ரேஞ்சர் எல்லாரும் மார்பில் வெள்ளி மின்ன, நீதி ஒன்றையே நினைந்து, குதிரை ஏறி வந்தனர் என்னும் திரைப்படக் கதையை அது கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாக்கிவிடுகின்றது. மெய் வரலாறு அத்துணை எளியதன்று. அப்படையில் அஞ்சாது எல்லை காத்தவரும் இருந்தனர். 1918ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், போர்வெனிர் என்னும் சிற்றூரில் மெக்சிகோ வழியினரான பதினைந்து ஆடவரையும் சிறுவரையும் விசாரணையின்றிச் சுட்டுக் கொன்ற ரேஞ்சர்களும் இருந்தனர். மாண்டவருள் இளையவர்க்கு வயது 16, மூத்தவர்க்கு 72. அப்பிரிவு அவ்வாண்டே கலைக்கப்பட்டது. ஹோசே கனாலெஸ் என்னும் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த ஆண்டில் ரேஞ்சர் படைமீது குற்றங்களைச் சாற்றி விசாரணை நடைபெறச் செய்தார்.

வில்லையைச் சரிபார்க்க ஆவணங்களைப் புரட்டுகின்றவர் இவ்வரலாற்றையும் எதிர்கொள்ளாமல் இருத்தல் அரிது. படையில் யார் இருந்தார் என்று கூறும் ஆவணங்களுக்கு அருகிலேயே அவர் என்ன செய்தார் என்று கூறும் ஆவணங்களும் இருக்கும். பொய் வில்லையை வாங்கி மகிழ்ந்தவர்க்கு அவற்றைத் திறக்கும் தேவையே இல்லை. போர்வெனிரில் மாண்டோர் பெயர்களை எழுதி வைத்தவர் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். அவர் எழுதியது ஒரு தாள். அதன் மேல் வெள்ளியும் இல்லை, விண்மீனும் இல்லை. ஆயினும் அவ்வூரைப் பற்றிய அரசின் நினைவுக் குறிப்பு 2018இல் நிறுவப்பட்டபோது, நூறாண்டுக்கு முன் நடந்ததை எடுத்துக்காட்டத் துணை நின்றவை இத்தகைய எழுத்துகளே.

நகல் செய்வதே குற்றம் என்று யான் கூற வரவில்லை. அருங்காட்சியகத்தில் குழந்தைகள் தொட்டுப் பார்க்கவும், நாடகத்தில் அணியவும் நகல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியோர் இன்றேல் நம் பழந்தமிழ் நூல்களுள் ஒன்றும் நமக்குக் கிட்டியிராது. படி, தன்னைப் படி என்று சொல்லிக்கொள்ளும் வரையில் அதனால் தீங்கில்லை. அமெரிக்காவில் 1973இல் ஒரு சட்டம் செய்தனர். பழங்காசின் நகலைச் செய்வோர் அதன்மேல் 'காப்பி' என்று அழியாமற் பொறித்தல் வேண்டும் என்றும், அரசியல் நினைவுப் பொருள்களின் நகலில் செய்த ஆண்டு இருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. பழைய காவலர் வில்லையின் பெயர் அச்சட்டத்தில் இல்லை. அதனையும் சேர்த்தல் தகும் என்பது என் கருத்து. நகல் செய்வோர்க்கு அதனால் ஆகும் செலவு ஒரு சிற்றுளி அடி. பொறிக்க வேண்டிய இடம் பின்புறம், ஊசிக்குக் கீழே.